அவிய பெட்டி

கை கடுத்தது என்று அன்று சொன்னது பொய். கை கடுக்கத்தான் செய்தது. ஆனால் பெட்டியை இறக்கி வைத்தது அதற்காக இல்லை. உன் கடைசி இன்லண்ட் கடிதத்தில் கேட்டிருந்தாயே, "ஏலே, அன்னைக்கு ஏன் எறக்கி வச்ச? இப்பவாவது உண்மையச் சொல்லு" என்று. அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன். நீ எழுதி ஏழு மாதம். நீ போய் நான்கு மாதம். எதையும் நேரத்துக்குச் செய்கிறவன் நான் இல்லை என்பது உனக்கே தெரியும்.

பெட்டி இப்போது என் காலடியில் இருக்கிறது. காலையில் ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் கையெழுத்துப் போட்டு எடுத்தேன். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் தேவதானம் பஸ்ஸுக்காக நிற்கிறேன். எழுதுவது கம்பெனியில் மருத்துவப் பஞ்சு சுருட்டும் நீலத்தாளின் பின்பக்கம். வேறு தாள் கையில் இல்லை. பெட்டியிலிருந்து பெயின்ட் வாசமும் பாச்சை உருண்டை வாசமும் ரயில் புகையும் சேர்ந்து வருகிறது. மூடியில் வெள்ளை எழுத்தில் உன் பெயர், உன் பட்டாள நம்பர். ஓரத்தில் கருப்பு பெயின்ட் கொஞ்சம் உரிந்திருக்கிறது. அதற்கடியில் உன் அப்பா பெயரின் கடைசி எழுத்து தெரிகிறது. பூட்டியிருக்கிறது. சாவி முன்னாலேயே தபாலில் வந்து உன் அம்மாவிடம் இருக்கிறது.

பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், "தம்பி, செத்த நேரம் இதுல உக்காந்துக்கிடட்டா?" என்று கேட்டார். "இல்ல அண்ணாச்சி, அதுல ஆளு இருக்கு" என்று சொல்லிவிட்டேன். பஸ் சீட்டுக்குச் சொல்வதுபோல வாயில் வந்துவிட்டது. அவர் பெட்டியையும் என்னையும் பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

பிளஸ் டூ வகுப்பு ஞாபகம் வருகிறது. தமிழய்யா உள்ளே வந்து, "வில்லிபுத்தூரில் பள்ளிகளுக்கிடையே நாடகப் போட்டி. தலைப்பு மத நல்லிணக்கம். பத்து நிமிடம். 'சமயம்' என்று ஒரு குறியீட்டுப் பாத்திரம் கட்டாயம் வர வேண்டுமாம்" என்றார்.

நான் எழுந்தேன். "குறியீடுன்னா என்னங்கய்யா?"

"ஒன்றைக் காட்டி இன்னொன்றைச் சொல்லுவது."

"அதுக்கு அந்த இன்னொண்ணையே காட்டிட்டாப் போச்சு."

வகுப்பு சிரித்தது. அய்யா சிரிக்கவில்லை. "சாமியைக் காட்டுடா, பார்ப்போம்" என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன். நீ எழுந்து, "நாங்க ரெண்டு பேரும் செய்யுதோம்யா" என்று என்னையும் சேர்த்து மாட்டிவிட்டாய்.

நாடகத்தில் உனக்கு என்ன அக்கறை என்று எனக்கு விளங்கவில்லை. அன்று சாயங்காலம் சைக்கிளை உருட்டிக்கொண்டே சொன்னாய். போன மாதம் மாமா வீட்டுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டுத் திருநெல்வேலிக்குப் போயிருக்கிறாய். அங்கே பட்டாள ஆளெடுப்பு. ஓடி, கயிறேறி, நெஞ்சை விரித்துக் காட்டித் தேறிவிட்டாய். பரீட்சை முடிந்ததும் ஆர்டர் வந்துவிடும். உன் அம்மாவுக்குத் தெரியாது.

"வாயத் தொறந்து சொல்லிர வேண்டியதுதானலே" என்றேன்.

"ஒனக்கென்ன, சொல்லிருவ. 'இந்த வீட்டுக்கு ஒரு பெட்டி போதும்'னு நான் அஞ்சாப்பு படிக்கும்போதே சொல்லி வச்சிருக்கா."

ஒரு பெட்டி என்றால் உன் அப்பாவின் பெட்டி. நீ பிறப்பதற்கு முன்பே பட்டாளத்துக்குப் போனவர். வருடத்துக்கு ஒரு மாதம் லீவில் வருவார். மற்ற பதினொரு மாதமும் வயலும் மோட்டாரும் நீயும் உன் அம்மா பொறுப்பு.

"நாடகத்துக்கு அவளக் கூட்டிட்டு வருவேன்லே. என்னால சொல்ல முடியாதத அது சொல்லிரும். அவளும் போகச் சொல்லிருவா" என்றாய்.

"மத நல்லிணக்க நாடகத்துலயா?"

"ஆமா."

உனக்குக் கிறுக்கு என்று நினைத்தேன். ஆனாலும் கூட நின்றேன். எனக்கு வகுப்பில் உட்காராமல் இருக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது.

முதல் வாரம் அய்யாவின் யோசனைப்படி செய்தோம். சமயம் என்கிற பாத்திரம் நான்தான். நெற்றியில் மூன்று விரல் திருநீறு, கழுத்தில் எங்கள் வீட்டுச் சிலுவை, தலையில் இரவல் வாங்கிய வெள்ளைத் தொப்பி. என்னை நிற்க வைத்து நீ இரண்டு சுற்றுச் சுற்றி வந்தாய். "ஏலே, சாமியா, பேன்சி ஸ்டோரா?" என்றாய். எல்லாவற்றையும் கழற்றி வைத்தோம்.

அடுத்து வெள்ளை அங்கி. எந்த மதத்துக்கும் வெள்ளை ஆகும் என்றாய். துணிக்கு எங்கே போவது? என் அம்மா வேலை பார்த்த பேண்டேஜ் கம்பெனியில் கழித்துப் போட்ட துணி மூட்டை மூட்டையாகக் கிடந்தது. அதில் ஒரு கட்டு வாங்கி என் மேல் சுற்றினாய். துணி மடிக்கிற பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் வந்து பார்த்தார்கள். ஊரில் எந்தத் துணி எந்தக் காயத்துக்கு என்று அவர்களுக்குத் தெரியாதா?

"ஏ ராசா, எந்த லாரில அடிபட்ட?" என்றாள் ஒருத்தி.

"ஏமிரா இதி, பேஷண்டா?" என்றாள் பக்கத்துத் தெலுங்கு வீட்டு அக்கா.

"சாமிக்கா" என்றேன்.

"சாமிக்கே இந்தக் கெதின்னா நாம எங்க போவ?" என்று என் அம்மாவே சிரித்தாள். அத்தோடு அங்கியும் போனது. "என்னத்தப் போட்டாலும் அது வேசமாத்தாம்லே தெரியுது" என்று நீ சொன்னது மட்டும் மிச்சம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா பேசிக்கொண்டே வேலை செய்கிறவள். அன்றைக்குப் பேச்செல்லாம் அவிய, அவிய என்றே இருந்தது. மோட்டார் ஓடவில்லை. "அவிய வந்துதான் பாக்கணும்." வானம் மூடியிருந்தும் மழை இல்லை. "அவிய மனசு வைக்கணும்." பசு சினையாக நிற்கிறது. "அவிய பாத்துக்கிடுவாவ."

நீ என் காதில், "இப்பச் சொன்னது எந்த அவியன்னு சொல்லு பாப்போம்" என்றாய்.

"உங்கப்பாதான்."

"தோத்துட்ட. சாமி படத்தப் பாத்துச் சொன்னா சாமி. காலண்டரப் பாத்துச் சொன்னா எங்கப்பா. அவ கண்ணப் பாக்கணும்."

பெண்டாட்டி வாயால் புருஷன் பெயர் வராது. என் அம்மாவும் என் அப்பாவை அவிய என்றுதான் சொல்வாள். ஆனால் எங்கள் வீட்டு அவிய தினமும் மில்லுக்குப் போய் மூன்று மணிக்குத் திரும்பி வந்துவிடுவார். அதனால் எங்களுக்குக் குழப்பம் வந்ததில்லை. உனக்கு வந்திருக்கிறது.

"ஆறு வயசு வரைக்கும் ரெண்டும் ஒரே ஆளுன்னு நெனச்சேம்லே" என்றாய். "நெசமாத்தான். வருசத்துக்கு ஒருக்க பெட்டியோட வருவாவ. ஊரே வந்துரும். எனக்கு டார்ச் லைட்டு, எனக்குக் கம்பளி, எம் மவனுக்கு ஒரு வேலன்னு வாசல்லயே நிறுத்திக் கேப்பாவ. எல்லாத்துக்கும் தலைய ஆட்டுவாவ. ஒரு மாசத்துல போயிருவாவ. சாமின்னா இப்படித்தான் போலன்னு இருந்துட்டேன்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று நிறுத்திவிட்டுப் பரணைப் பார்த்தாய். அங்கே உன் அப்பா மாற்றிவிட்டுப் போன பழைய டிரங்குப் பெட்டி இருந்தது. இந்தப் பெட்டிதான்.

திங்கட்கிழமை நோட்டில் 'சமயம்' என்பதை அடித்துவிட்டு 'அவிய' என்று எழுதிக்கொண்டு போனாய். அய்யாவுக்குக் கோபம்.

"இது கொச்சை. 'அவர்' என்று எழுது."

"அவர்னா ஒருத்தர், ஆம்பளன்னு ஆயிருதுங்கய்யா. அவியன்னா ஆம்பளயா பொம்பளயா, ஒருத்தரா நூறு பேரா, எந்தச் சாதி, எந்த மதம், ஒண்ணும் தெரியாது. மரியாத மட்டும் தெரியும்."

அய்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "சரி, மேடையில் அந்தப் பெயரை யாரும் சொல்லப் போவதில்லைதானே?" என்றார். அவர் ஒத்துக்கொள்ளும் விதம் அது.

பிறகு காட்சி தானாக வந்து விழுந்தது. ஒரு வீட்டு வாசல். ஒருவர் கையில் டிரங்குப் பெட்டியோடு வந்து நிற்கிறார். வந்திருக்கிறாரா, போகப் போகிறாரா என்று தெரியாது. சாதாரண வேட்டி, அரைக்கைச் சட்டை, நெற்றியில் ஒன்றும் இல்லை. மூன்று பேர் வருகிறார்கள். ஒருவர் 'சாமி' என்கிறார், ஒருவர் 'ஆண்டவரே' என்கிறார், ஒருவர் 'அல்லா' என்கிறார். ஆளாளுக்கு வேண்டியதைக் கேட்கிறார்கள். அவர் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. கேட்டுக்கொண்டே நிற்கிறார். பெட்டி கையில் இருக்கும்போதே திரை விழுகிறது.

எனக்கு மூன்று கட்டளை போட்டாய். பேசக் கூடாது. கை மாற்றக் கூடாது. கீழே வைக்கக் கூடாது.

"வேற ஆளப் பாருலே" என்றேன். "என்னால அஞ்சு நிமிசம் ஒரு எடத்துல இருக்க முடியாது."

"அதுக்குத்தான் ஒன்னையப் போட்டேன். சும்மா நிக்கவனக் கொண்டாந்து நிறுத்துனா அது தூணு. ஓடப் பாக்கவன் நிக்கணும். அப்பத்தான் 'இவரு நிக்காரு'ன்னு பாக்கவனுக்குத் தெரியும்."

வெறும் பெட்டியைத் தூக்கி ஒத்திகை பார்த்தேன். "தோளு பொய் சொல்லுது" என்றாய். உள்ளே கனம் வேண்டும். கல் வைத்தால் சத்தம் போட்டது. கடைசியில் என் பாடப் புத்தகங்கள் மொத்தத்தையும் அடுக்கினோம். அந்த வருடம் அந்தப் புத்தகங்கள் எனக்குப் பயன்பட்டது அதற்கு மட்டும்தான்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தினமும் மூன்றரை மணிக்கு நிற்பேன். முதல் நாள் இரண்டு நிமிடம். மூக்கு அரித்தது. பிறகு முதுகு. பிறகு ரோட்டில் போகிற ஒவ்வொரு லாரியும் என்னையும் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. ஒரு வாரம் கழித்து ஆறு நிமிடம் வந்தது. நிற்கும்போது எதிரில் பேசுகிறவன் வாய் தெரியும், கண் தெரியும், அவன் கேட்பதற்குக் கீழே வேறு ஏதோ கேட்பதும் தெரியும். அதுவரை நான் யார் பேசியும் முழுதாகக் கேட்டதில்லை. அவர்கள் முடிப்பதற்குள் என் பதில் தயாராக இருக்கும். இதை நான் உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் உனக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்று நினைத்தேன்.

போட்டி நாளன்று வில்லிபுத்தூரில் அந்தப் பள்ளிக்கூட ஹாலின் ஜன்னல் வழியே கோபுரம் தெரிந்தது. காலை பதினொரு மணி. நீ சொன்னபடி உன் அம்மாவைக் கூட்டி வந்திருந்தாய். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில், மடியில் மஞ்சப்பையோடு உட்கார்ந்திருந்தாள். பெட்டியை முந்தின நாளே அவளுக்குத் தெரியாமல் பரணிலிருந்து இறக்கிச் சாக்கில் சுற்றி எடுத்து வந்துவிட்டாய். திரை விலகுகிறபோதுதான் அவள் பார்க்க வேண்டும் என்பது உன் கணக்கு.

திரை விலகியது. நான் நின்றேன். நீ எனக்குப் பின்னால் திரை ஓரத்தில் நின்றாய். உன் மூச்சு எனக்குக் கேட்டது.

முதலில் வந்தவன் மழை கேட்டான். இரண்டாவது வந்தவன் மகனுக்கு வேலை கேட்டான். மூன்றாவது வந்தவன் மகள் கல்யாணத்தைக் கேட்டான். ஏழாவது நிமிடம் இருக்கும். விரல்கள் என்னுடையவை இல்லை என்று ஆகிவிட்டன. பின்னாலிருந்து நீ, "அசையாத... அசையாத" என்றாய். நான் அசையவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், முடிகிறவரை நின்றிருப்பேன்.

அப்போதுதான் கூட்டத்திலிருந்து அந்தக் குரல்.

"கை கடுக்கும்லா... எறக்கி வைங்களேன்."

ஹால் குபீரென்று சிரித்தது. "யக்கோவ், இது நாடகம்!" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினான். அவள் எழுந்து நின்றாள். யாரையும் பார்க்கவில்லை. நேராக மேடையைப் பார்த்து, முன்னைவிடச் சின்னக் குரலில் சொன்னாள்.

"எறக்கி வைங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. கேட்டுக்கொண்டே வந்த மூன்றாவது ஆள் வசனத்தை மறந்து என்னைப் பார்த்தான். நான் குனிந்தேன். பெட்டியை இறக்கி வைத்தேன். பலகையில் இரும்பு பட்டு 'டங்' என்றது. உன் அம்மா உட்கார்ந்தாள். யாரும் கை தட்டவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை. அய்யாதான் திரையை இழுத்தார்.

நடுவர் ஒருவர் நமக்குப் பரிசு ஒன்றும் கொடுக்காமல், "அந்தப் பெட்டி எதற்கு என்று விளங்கவில்லை" என்று மட்டும் மைக்கில் சொன்னார். எனக்கு அதுவும் சிரிப்பாக இருந்தது. உனக்கு இல்லை. ஹாலுக்குப் பின்னால் குழாயடியில் என் சட்டையைப் பிடித்தாய்.

"கெடுத்துட்டியேலே! அவிய எறக்கி வைக்க மாட்டாவ. அதாம்லே நாடகமே. போறவரு போகத்தான் செய்வாருன்னு எங்கம்மாவுக்கு நான் வேற எப்படிச் சொல்ல?"

"கை கடுத்துட்டுலே."

"பத்து நிமிசம் ஒன்னால நிக்க முடியல. வேற எதுலதான் ஒன்னால நிக்க முடியும்?"

அடுத்த மாதம் படிப்பை விட்டேன். நீ சொன்ன அந்த வார்த்தைக்காக விடவில்லை, எப்படியும் விட்டிருப்பேன். ஆனால் விடும்போது சாக்குச் சொல்ல அது சௌகரியமாக இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் அம்மா நம் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். பெட்டி அவள் காலுக்கு முன்னால். மூடி மேல் கையை வைத்தவள் ராஜபாளையத்தில் நான் இறங்குகிறவரை எடுக்கவில்லை. பெட்டி எப்படி அங்கே வந்தது என்று கேட்கவில்லை. ஏன் அப்படிக் கத்தினாள் என்று நாமும் கேட்கவில்லை. புருஷன் பெட்டியைப் பார்த்ததும் புருஷன் நினைப்பு வந்துவிட்டது, மேடை என்பதே மறந்துவிட்டது, பாவம் என்று நான் நினைத்துக்கொண்டேன். நீயும் அப்படித்தான் நினைத்தாய். அதனால்தான் பட்டாளத்துக்குப் போவதை அன்றைக்கும் நீ அவளிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

ஆர்டர் வந்த அன்று வீட்டில் பெரிய சண்டை வரும் என்று பயந்தாயாம். அவளோ அதே பெட்டியைத் துடைத்து வெளியே வைத்தாளாம். "எனக்கே ஆச்சரியமா இருந்துச்சுலே" என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய். நீ ரயிலேறிய அன்று நான் ஸ்டேஷனுக்கு வரவில்லை. ஒரு லாரியில் கிளீனராகப் போயிருந்தேன். வந்திருக்கலாம். வேண்டுமென்றேதான் போனேன்.

அதற்குப் பிறகு ஆறு வேலை பார்த்துவிட்டேன். ஒன்றிலும் நிற்கவில்லை. உன் கடிதங்களுக்கு இரண்டு வரி, மூன்று வரி பதில் போடுவேன். கடைசிக் கடிதத்தில், "இங்க வேலையே நிக்கதுதான். பனியில துப்பாக்கியோட நிக்கும்போதெல்லாம் ஒன்னைய நெனச்சுக்கிடுவேன். கை மாத்தாம நின்னியேலே" என்று எழுதி, அதன் கீழே அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தாய். பதிலை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததும் எழுதலாம் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டே அலைந்தேன். மூன்று மாதத்தில் மலை ரோட்டில் வண்டி கவிழ்ந்தது என்று தந்தி வந்தது. உன்னைக் கொண்டுவந்த அன்று ஜீப்பைச் சுற்றி அத்தனை கூட்டம். நான் வாய்க்கால் பாலத்துப் பக்கமே நின்றுவிட்டேன். உள்ளே வரவில்லை.

போன சனிக்கிழமை உன் அம்மாவும் அப்பாவும் நான் வேலை பார்க்கிற பேண்டேஜ் கம்பெனிக்கு வந்தார்கள். உன் அப்பா பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊரோடு வந்து ஒரு வருடம் ஆகிறது. இப்போது கையில் பெட்டி இல்லாமல் நிற்கிறபோது அவருக்குக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

உன் அம்மா சுற்றி வளைக்கவில்லை. "ஸ்டேசன்ல அவிய பெட்டி வந்து கெடக்காம். நீ போயி எடுத்துட்டு வாலே" என்றாள்.

நான் உன் அப்பாவைப் பார்த்தேன். "உங்க பெட்டியா, மாமா?"

அவர் தலையைக் குனிந்தபடியே, "என்னையச் சொல்லல. அவனத்தான் சொல்லுதா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன்னை அவள் எப்படியெல்லாம் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறேன்! ஏலே, மூதி, அந்தப் பய. தெரு முனைக்குக் கேட்கிற மாதிரி. நீயா அவிய? செத்துப்போனால் மரியாதை கொடுத்துவிடுவார்களா என்று எனக்குக் கோபமே வந்தது. வந்தால் அடக்குகிற ஆளா நான்? கேட்டுவிட்டேன்.

"அவன் எப்பம்மா அவிய ஆனான்? செத்த பொறவா?"

உன் அப்பா நிமிர்ந்து பார்த்தார். உன் அம்மா கோபப்படவில்லை.

"இல்லலே. வில்லிபுத்தூர்ல அன்னைக்குப் பெட்டியப் பாத்தேம்லா, அப்பவே. பரண்ல கெடந்தது மேடைக்கு வந்துட்டுன்னா, பொறவு வீட்டுல தங்குமா? எனக்குப் புரியாதுன்னா ரெண்டு பேரும் நெனச்சிய?"

"அப்ப எறக்கி வைங்கன்னது..."

"ஒன்னைய இல்ல. நீ தூக்கிட்டு நின்ன, அம்புட்டுதான். ஒம் பின்னால திரை ஓரத்துல அவிய நின்னாவ. அவியட்டத்தான் சொன்னேன்." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "நீ கேட்ட. அவிய கேக்கல."

பேண்டேஜ் மடிக்கிற பெண்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டார்கள். உன் அப்பா வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் எழுந்து போயிருக்க வேண்டும். வழக்கமாகப் போய்விடுவேன். அன்று போகவில்லை. நின்றேன். அவள் வேறு என்னென்னவோ சொன்னாள். மோட்டார், பசு, நீ விட்டுப்போன சைக்கிள். எல்லாவற்றையும் கேட்டேன். குறுக்கே பேசவில்லை. கிளம்பும்போது, "எடுத்துட்டு வந்து நீயே உள்ள எறக்கி வை" என்றாள். "அவியளுக்கு அதத் தொட முடியல." அது உன் அப்பா. இந்தத் தடவை நான் அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டேன்.

ஆகவே, உன் கேள்விக்குப் பதில். ஏன் இறக்கி வைத்தேன்? நீ எழுதிய காட்சியில் மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரும் கேட்டார்கள், ஒருவரும் 'இறக்கி வை' என்று சொல்லவில்லை. பத்து நாள் ஒத்திகையில் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. இவர் ஏன் இப்படியே நிற்கிறார், போகிற அவசரமா, இல்லை யாரும் சொல்லவில்லை என்றா? சொன்னால் வைத்துவிடுவார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அன்று கூட்டத்திலிருந்து ஒருத்தி சொன்னாள். வைத்தேன். உன் அவிய வைக்க மாட்டாவ. என் அவிய வைப்பாவ. அன்றே இதைச் சொல்லியிருந்தால் நாம் சண்டை போட்டிருப்போம், சாயங்காலத்துக்குள் தீர்ந்திருக்கும். கை கடுத்தது என்றேன்.

இப்போது இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அந்தச் சொல் எனக்கு வந்ததே இல்லை. உனக்கு வந்தது. நடுவில் நான் நின்று வாங்கிக்கொண்டேன். நான் பாட்டுக்கு அசையாமல் நின்றிருந்தால் அது என்னைத் தாண்டி உன்னிடம் வந்து சேர்ந்திருக்குமோ? பெட்டியை வைக்காமல் நின்ற என்னைப் பார்த்து அவள் மூன்றாவது முறையும் சொல்லியிருப்பாளோ, அப்போது உனக்கு உறைத்திருக்குமோ? உறைத்தாலும் நீ போயிருப்பாய் என்றுதான் அன்று கிளம்பும்போது உன் அப்பா சொன்னார். எனக்குத் தெரியவில்லை. சனிக்கிழமையிலிருந்து இதைத்தான் தூக்கிக்கொண்டு அலைகிறேன். யாரும் இறக்கி வைக்கச் சொல்லவில்லை.

அவள் உன்னை அவிய என்று சொல்லிக்கொள்ளட்டும். அது அவள் பாடு. எனக்கு வராது. எனக்கு நீ, நீதான்.

ஸ்டேஷனிலிருந்து இங்கே வரை பெட்டியை வலது கையிலேயே கொண்டுவந்தேன். நடுவில் இரண்டு இடத்தில் நின்றேன், ஆனால் கை மாற்றவில்லை. கனமாகத்தான் இருக்கிறது. உள்ளே என்ன வைத்திருக்கிறாய் என்று தெரியாது. தோள் பொய் சொல்லவில்லை.

பஸ் வந்துவிட்டது. கண்டக்டர் இப்போதே கத்துகிறான், பெட்டிக்கு இடமில்லையாம். நான் போகணும்.